மே மாதத்துப் பசி

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறையைப் பிள்ளைகள் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று பேசும்படி வாசகர் வட்டத்தார் கேட்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தால் ஓவியம், நீச்சல், கதைப் புத்தகம் என்று எதுவும் கைக்கு வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல் அக்கா வருஷா வருஷம் சொன்ன ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. "ஜூன் மொத வாரத்துக்கு மட்டும் அளவு பத்தாது டீச்சர். ரெண்டாந்தரம் தட்ட நீட்டாத புள்ளயே கெடையாது."

மறுநாள் காலையில் செயலாளர் தம்பியைக் கூப்பிட்டு, தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். பெரிய மனதோடு சம்மதித்தார்கள். அவர்களுக்கு நன்றி.

வேதாரண்யம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அத்தனை ஆண்டும் அந்த அக்கா அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் கொடுத்த பதில், "ஒரு படி சேர்த்துப் போடுங்கக்கா" என்பதுதான். ஜூன் மாதம் ஏன் அளவு பத்தவில்லை என்று ஏப்ரல் மாதத்திலேயே யோசித்திருக்க வேண்டியவள் நான். யோசிக்கவில்லை. எனக்குக் கோடை விடுமுறை என்றால் விடைத்தாள், மாற்றுச் சான்றிதழ், பிறகு தங்கை வீடு. ஒரு பிள்ளைக்கு அது என்ன என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகு, விடுமுறை நாளிலும் ஊரிலேயே இருக்க நேர்ந்தபோதுதான் பார்த்தேன்.

நம் பகுதியின் கோடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்கு மூன்று பிழைப்பு: வயல், கடல், உப்பளம்.

வயல் உங்களுக்குத் தெரியும். சம்பா அறுவடை தை, மாசியோடு முடிந்துவிடும். அதன் பிறகு வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் வீடு வந்து சேரும். அதோடு சரி. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் கடைமடையான நமக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சித்திரையும் வைகாசியும் விவசாயக் கூலிக்கு வேலை இல்லாத மாதங்கள். அரசின் ஊரக வேலைத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வேலை செய்த கூலி கைக்கு வரும் நாளைத்தான் யாரும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

கடல். கிழக்குக் கடற்கரையில் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆனது. அந்தத் தேதிகளைப் பள்ளி நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்வு முடியும் தறுவாயில் படகு கரையேறுகிறது. பள்ளி திறந்து சில நாள் கழித்துத்தான் படகு கடலுக்குப் போகிறது. அப்பாவுக்கு வருமானம் நிற்கிற அதே வாரங்களில் பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடும் நிற்கிறது.

உப்பளம் இவற்றுக்கு நேர்மாறு. அகத்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் வெயில் ஏற ஏறத்தான் வேலை. கூலி கிடைக்கும். ஆனால் வெயிலுக்கு முன்னால் வாரி முடிக்க வேண்டும் என்று விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே அப்பாவும் அம்மாவும் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள் அம்மா. எட்டு வயசுப் பெண் எழுந்து, ஆறு வயசுத் தம்பிக்குப் போட்டுத் தானும் குடிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பானையில் என்ன மிஞ்சியிருக்கும்? இந்த வீட்டில் காசு இருக்கிறது, அரிசி இருக்கிறது. பிள்ளைக்கு உலை வைத்துக் கொடுக்கத்தான் பகலில் ஆள் இல்லை. இப்படியும் ஒரு பசி உண்டு. வறுமைக் கணக்கெடுப்பு எதிலும் இது வராது.

பட்டினி என்ற வார்த்தையை நான் இன்றைக்குச் சொல்லப்போவதில்லை. நம் மாநிலத்தில் குடும்ப அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கஞ்சிக்கு வழியில்லாத வீடு என் இளமையில் தெருவுக்கு நாலு இருந்தது, இன்றைக்கு அரிது. அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டவள் நான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. பள்ளி நடக்கும் நாளில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கிறது. மதியம் சாம்பார் சாதம், தக்காளி சாதம், கொண்டைக்கடலை புலவு என்று கிழமைக்கு ஒன்று. வாரத்துக்கு ஐந்து முட்டை. விடுமுறை விட்ட மறுநாள் இவை எல்லாமே ஒரே அடியாக நின்று, காலையில் நீராகாரம், மதியம் சோறும் ஊறுகாயும் என்று ஆகிவிடுகிறது. ஆறு வார விடுமுறைக்குக் கணக்குப் போட்டால் ஒரு பிள்ளைக்கு 30 முட்டை, 60 வேளைச் சாப்பாடு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

வீட்டில் சாப்பிடும் அளவைக் குறைத்துக்கொண்டு பள்ளியில் சாப்பிடுகிறார்கள், ஆகவே பள்ளி இல்லாத நாளில் வீட்டுச் சாப்பாடு தானாகக் கூடிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தேன். ஃபர்சானா அஃப்ரிதி என்ற பொருளியல் அறிஞர் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் பிள்ளைகள் பள்ளி நாளில் என்ன சாப்பிட்டார்கள், பள்ளி இல்லாத நாளில் என்ன சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார். பள்ளி கொடுத்த சத்தில் குறைந்தது பாதி, சிலவற்றில் முழுவதும், பிள்ளையின் அன்றைய உணவில் கூடுதலாகவே சேர்ந்திருந்தது. பள்ளியில் சாப்பிடுகிறான் என்று வீட்டில் யாரும் அவன் தட்டை எடுத்து வைத்துவிடவில்லை. பள்ளி இல்லாத நாளில் அது அப்படியே குறைந்தது. சமையல் அக்கா ஜூன் மாதத்தில் கரண்டியால் அளந்து சொன்னதும் அதுதான்.

இப்படி ஒரு நல்ல திட்டம் வைத்திருக்கும் நாம் ஏன் ஆண்டில் பாதிக்குச் சற்று மேலான நாட்களுக்கு மட்டும் அதை நடத்துகிறோம்? பள்ளிச் சத்துணவுக்கு ஆண்டுக்கு 220 நாள் கணக்கு. மீதி 145 நாள் அடுப்பு எரிவதில்லை. காரணத்தைத் தேடினால் நூறாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும், வந்தவர்கள் நின்றுவிடக் கூடாது என்பது நோக்கம். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்விக்கான பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அன்றைய ஆட்சி சொல்லிவிட்டதால் 1925இல் நின்றுபோனது. இதில் என் மனதை உறுத்துவது, தடுத்தவர்கள் சொன்ன காரணமும் தொடங்கியவர்கள் சொன்ன காரணமும் ஒரே இடத்தில் நிற்பதுதான். இரண்டு தரப்பும் சாப்பாட்டைக் கல்விக் கணக்கில் வைத்தே பேசினார்கள். காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோதும், ஊர் மக்கள் நெல்லும் காசும் கொடுத்து அதை நடத்தியபோதும், பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்பதே முதல் காரணம். அந்தக் காரணம் தவறே இல்லை. அதனால் படித்தவர்களில் நானும் ஒருத்தி.

1982 ஜூலை முதல் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பால்வாடிக் குழந்தையும் சேர்ந்தது. கருணாநிதி ஆட்சியில் 1989இல் முட்டை வந்தது, படிப்படியாகக் கூடி 2010இல் பள்ளி நடக்கும் எல்லா நாளுக்கும் முட்டை என்றானது. பிறகு கலவை சாதம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும். எந்த ஆட்சி வந்தாலும் முந்தைய ஆட்சி கொடுத்ததை எடுக்காமல் மேலே ஒன்று சேர்த்தது. தமிழ்நாட்டு அரசியலில் நான் மனமாரக் கும்பிடுகிற விஷயம் இது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இத்தனை சேர்த்தும், சாப்பாட்டை வருகைப் பதிவேட்டிலிருந்து யாரும் அவிழ்க்கவில்லை. பதிவேட்டில் 'உள்ளேன்' என்று விழுந்தால்தான் உண்போர் கணக்கில் ஏறும். பதிவேடு மூடினால் உலையும் மூடும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 6 வயது முதல் 14 வயது வரை பள்ளியில் ஒரு வேளை உணவு பிள்ளையின் உரிமை என்கிறது. எழுதிய கையோடு, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்றும் சேர்த்திருக்கிறது. அதே சட்டத்தின் அதே பிரிவில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக உணவு என்று சொல்லும் இடத்தில் இந்த 'நீங்கலாக' என்ற சொல் இல்லை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 300 நாள் கணக்கு.

இதனால் என்ன ஆகிறது என்பதைப் போன கோடையில் பார்த்தேன். என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு முடித்தது. தம்பிக்கு நாலு வயது. தினமும் அவன் கையைப் பிடித்து அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு வரும். அவன் உள்ளே போவான், இது வாசற்படியில் உட்கார்ந்துகொள்ளும். அவன் சாப்பிட்டு வரும்வரை உட்கார்ந்திருக்கும். "உள்ள வந்து உக்காரு பாப்பா" என்று கூப்பிட்டால், "நான் பெரிய ஸ்கூல்" என்று சொல்லும். அங்கன்வாடி அம்மா இரண்டு மூன்று நாள் பார்த்தார், நாலாம் நாள் தன் பங்கில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார். கணக்கில் வராத கரண்டி. முந்தைய கோடையில் இதே குழந்தைக்கு இதே இடத்தில் இதே சாப்பாடு சட்டப்படி உண்டு. ஒரு வயது கூடியதும் அதற்குக் கோடையில் பசிக்காது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம்.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறைக் காலத்திலும் பிள்ளை உதவலாம் என்று அனுமதிக்கிறது. விடுமுறையில் பிள்ளை வேலை செய்யலாம் என்பது ஒரு சட்டத்தில் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை என்பது இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்துக் கோடையில் அப்பாவோடு வேலைக்குப் போன பையன்களில் சிலர் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேரவே இல்லை. அவர்கள் வீட்டுக்கு நடந்து நடந்து தேய்ந்த செருப்பு எனக்குத்தான் தெரியும்.

விடுமுறையில் சமைத்துப் போடுவது நடக்காத காரியம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று பிறப்பித்த ஆணையில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்றது. 2024இல் கர்நாடகத்தில் 223 வட்டங்கள் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தபோது, அந்தப் பகுதிப் பள்ளிகளில் கோடை விடுமுறையிலும் சோறு போட்டார்கள். வறட்சி என்று அரசு அறிவித்தால் பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால் கடைமடையில் ஆண்டுதோறும் வருகிற சித்திரை வைகாசிக்கும், 61 நாள் தடைக்காலத்துக்கும் என்ன பெயர்? தடைக்காலத்துக்கென்று மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது, அண்மைக் காலத்தில் அது 8,000 ரூபாய். மீன் குஞ்சு வளர்வதற்காக அப்பன் வலையை மடித்து வைக்கிறான், அதை மதித்துக் குடும்பத்துக்குப் பணம் தருகிறோம். அந்த வீட்டுப் பிள்ளையும் வளர வேண்டிய பருவத்தில்தான் இருக்கிறது.

கொரோனா காலத்தை எல்லோரும் மறக்கவே விரும்புகிறோம். எனக்கு அதில் ஒரு எண் மட்டும் மறக்கவில்லை. 2020இல் பள்ளி மூடிக் கிடந்தபோது, மே மாதத்துக்கென்று தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 3.1 கிலோ அரிசியும் 1.2 கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த 3.1ஐப் பாருங்கள். நாளுக்கு 100 கிராம், 31 நாள். ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் கழிக்கவில்லை. மே மாதத்தில் முப்பத்தொரு நாளும் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அரசு தன் கைப்படக் கணக்குப் போட்டு எழுதிய ஆண்டு அது. அந்தக் கணக்கு மெய்யான கணக்கு. பெருந்தொற்று போனதும் அதைக் கிழித்துப் போட வேண்டிய அவசியம் என்ன?

வெளிநாட்டுக் கதை இரண்டு சொல்லிவிட்டு நம் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

பணக்கார நாடான அமெரிக்காவில் கோடை விடுமுறைச் சாப்பாட்டுத் திட்டம் 1968இலேயே தொடங்கிவிட்டது. இருந்தும் பள்ளியில் இலவசமாகச் சாப்பிடும் ஏழு பிள்ளைகளில் ஒருவரைத்தான் அது எட்டியது. காரணம் தூரம். பிள்ளை சாப்பாடு போடும் மையத்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது விதி. கிராமத்தில் மையம் பல மைல் தள்ளி இருக்கும், பள்ளி வண்டி கோடையில் ஓடாது. கடைசியில் 2022இல் விதியைத் தளர்த்தி, கிராமப்புறத்தில் உணவை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதித்தார்கள். 2024 முதல் ஒரு பிள்ளைக்குக் கோடைக்கென்று 120 டாலர், மளிகைக் கடையில் மட்டும் செல்லும் அட்டையில் போடுகிறார்கள். பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முதல் ஆண்டில் அதை வேண்டாம் என்று ஒதுக்கின. பிள்ளையின் பசியில்கூடக் கட்சி பார்க்கும் அந்த வழக்கம் நம் மாநிலத்துக்கு வரவே கூடாது.

இங்கிலாந்தில் 2020 ஜூன் மாதம், பள்ளிச் சாப்பாட்டுக்குக் கொடுத்துவந்த கூப்பனைக் கோடை விடுமுறைக்குத் தர முடியாது என்று அரசு சொன்னது. மார்க்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற 22 வயதுக் கால்பந்தாட்டக்காரர், தானும் பள்ளியின் இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே அரசு முடிவை மாற்றியது. ஏறத்தாழ 13 லட்சம் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 15 பவுண்டு வீதம் ஆறு வாரக் கூப்பன். அடுத்த ஆண்டு நாடு முழுவதும் விடுமுறையில் விளையாட்டும் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தை விரித்தார்கள். பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வரப் பிள்ளைக்கு வெட்கம். விளையாட வா என்று கூப்பிட்டால் வரும். இந்தச் சூட்சுமத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கு இருந்த தூரம் நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 43,000 சத்துணவு மையங்கள் இருக்கின்றன. பிள்ளை நடந்து வரும் தொலைவில் சமையலறை இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கை இருக்கிறது. நமக்குக் குறுக்கே நிற்பது நாட்காட்டி ஒன்றுதான். நடுவணரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு நிர்ணயித்த சமையல் செலவு 2025 மே மாதக் கணக்கில் 6 ரூபாய் 78 காசு. கோடையின் 30 வேலைநாளுக்கு ஒரு பிள்ளைக்கு 203 ரூபாய் 40 காசும் மூன்று கிலோ அரிசியும் ஆகும். முட்டைக்குத் தனியாகப் போட்டாலும் நானூறு ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும்.

நான் இதைச் சொல்லிப் பார்த்த இடங்களில் வந்த மறுப்புகளையும் மறைக்காமல் சொல்கிறேன். "விடுமுறையிலாவது பிள்ளை அம்மா கையால் சாப்பிடட்டுமே" என்றார் ஒரு அதிகாரி. நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா வீட்டில் இருக்கும் பிள்ளை அப்படியே சாப்பிடட்டும், அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. நான் கேட்பது உப்பளத்துக்குப் போன அம்மாவின் பிள்ளைக்கு. பாட்டி வீட்டுக்குப் போனவர்கள் போக, யார் யார் ஊரில் இருக்கிறார்கள் என்பது சமையல் அக்காவுக்குத் தெரு வாரியாகத் தெரியும். முதல் வாரம் கூடக் குறைய இருக்கும், இரண்டாம் வாரம் எண்ணிக்கை பிடிபட்டுவிடும். அங்கன்வாடியில் தினமும் நடப்பதுதானே. வெயிலில் பிள்ளைகளை நடக்கவைப்பதா என்றார்கள். பத்து மணிக்கு வரவழைத்துப் பதினொன்றுக்குச் சாப்பிடவைத்து அனுப்பலாம்.

அரிசியும் முட்டையுமாகக் கையில் கொடுத்துவிட்டால் போதாதா என்றும் கேட்டார்கள். வேறு ஊருக்குப் போகும் பிள்ளைக்கு, செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு இடம்பெயரும் பிள்ளைக்கு அது சரி. மற்றவர்களுக்குச் சமைத்த சோறுதான் வேண்டும். தனியாக இருக்கும் எட்டு வயசுப் பிள்ளை அடுப்பு மூட்டக் கூடாது. ஓலைக் கொட்டகைகள் இருக்கும் ஊர் இது, மே மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உண்மையாகவே கனமாகத் தெரிகிற மறுப்பு ஒன்று உண்டு. அது சமையல் ஊழியர்களுடையது. இந்தியாவின் பல மாநிலங்களில் அவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து மாத மதிப்பூதியம்தான். இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று இருந்தாலும், காலமுறை ஊதியம் வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு முழுதும் புகையிலும் வெக்கையிலும் நின்ற பெண்களிடம் போய், மே மாதமும் வந்து நில் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. கோடை அடுப்புக்குத் தனி ஊதியம், முறை வைத்து விடுப்பு, கூடுதலாக ஒரு கை. இந்த மூன்றும் இல்லாமல் கோடைச் சாப்பாடு வேண்டாம். ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றி இன்னொரு பெண்ணின் பிள்ளைக்குச் சோறு போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அன்னதானம் இருக்கிறதே என்று பின்வரிசையில் ஒரு ஐயா சொல்கிறார். இருக்கிறது ஐயா. எழுநூறுக்கும் மேற்பட்ட கோயில்களில் தினமும் நடக்கிறது. 1867 மே 23 அன்று, இதே போன்ற ஒரு வைகாசி வெயிலில், வள்ளலார் வடலூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்புக்கு விடுமுறை கிடையாது. நாம் அந்த மரபில் வந்தவர்கள் என்பதில் எனக்குப் பெருமை. ஆனாலும் எல்லாத் தெருவிலும் கோயில் மண்டபம் இல்லை, எல்லாப் பிள்ளையும் எல்லா மண்டபத்துக்கும் போய்விட முடியாது. பள்ளிக்கூடம் எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொது. அங்கே தட்டு நீட்டும் பிள்ளைக்கு அது தன் இடம் என்ற எண்ணம் இருக்கிறது.

இந்த மாதம் தெருமுனை தோறும் எல்லாக் கட்சிக்காரர்களும் நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள். வழிப்போக்கரின் தாகத்துக்குப் பந்தல் போடும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பந்தல்காரர்களிடமும் போய் இதைக் கேட்கப்போகிறேன். எந்தக் கொடி என்று பார்க்காமல் கேட்கப்போகிறேன்.

மே 1ஆம் தேதி நம் ஊராட்சியில் கிராம சபை. அன்றைக்கு வைப்பதற்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த நூலகத்திலேயே ஒரு படி இருக்கிறது, கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் போடலாம். கோடையில் ஊரில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் தெரு வாரியாக எடுக்க வேண்டும். சத்துணவு மையத்தைக் கோடையிலும் திறக்க மாவட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். ஊழியர்களுக்கு அதற்கான ஊதியத்தையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை இந்த மே மாதத்துக்கு, வாரத்தில் ஐந்து நாள் நாமே நடத்த எத்தனை வீடு எத்தனை படி தரும் என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம். எட்டயபுரம் காலத்திலும் ஊர்தான் கொடுத்தது. வாசகர் வட்டத்துத் தம்பிகள் பத்து மணி முதல் பதினொரு மணிவரை கதை படிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் முதலில் கேட்ட தலைப்புக்கும் அதில் இடம் வந்துவிட்டது.

கூட்டம் காலை 11 மணிக்கு. சமையல் அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஜூன் முதல் வாரத்தைப் பற்றி அவரே எழுந்து சொல்வார்.